கிழவியை முதலில் ஏற்று

மார்ச் 3
அடுத்த வாரம் லாயத்தைக் காலி செய்துவிட்டு மலையடிவாரத்துக்கு மாறுகிறோம். குதிரை டிரெய்லரைக் கழுவினேன். போன வருஷம் மரத்தரை உளுத்துப்போனதும் அண்ணன் தடித்த இரும்புத் தகடு அடித்தார். அன்றிலிருந்தே எனக்கு உறுத்தல். இரும்பு கனக்காதா?

மார்ச் 4
காலி டிரெய்லரை எடைமேடையில் ஏற்றினேன். எண்ணூற்றைம்பது கிலோ! அதற்கு அனுமதித்த உச்ச எடை ஆயிரத்து அறுநூறு. அது முழுக்கக் குதிரைக் கணக்கு என்றே அண்ணன் நினைத்திருக்கிறார். டிரெய்லரையும் சேர்த்துத்தான் அது. வயதான பெண்குதிரை கிழவி ஐந்நூறு, போட்டிகளுக்குப் போகும் சின்னவன் நானூற்றைம்பது. இருநூறு கிலோ அதிகம்.

“இத்தன நாள் ரெண்டும் போயிட்டுதானே வருது?”

“அது சமதரை. இது மலை இறக்கம்ணே. பின்னால இருந்து வண்டியத் தள்ளிடும், பிரேக் நிக்காது.”

பயந்தாங்கொள்ளி என்றார், அண்ணி முன்னாலேயே.

மார்ச் 6
ரெண்டையும் ஏற்றினால் ஓட்டமாட்டேன் என்று வண்டிச் சாவியை மேஜையில் போட்டேன்.  “சரிடா, ஒண்ணுதான் போகும்” என்றார் அண்ணன். ஜெயித்துவிட்டேன்! போய்வரவே ஒரு நாள் ஆகும்; சின்னவனை விட்டுவிட்டு வந்து, மறுநாள் கிழவியைக் கூட்டிப்போக வேண்டியதுதான்.

மார்ச் 7
மறுநாளே கிடையாதாம். கிழவியைக் கறிக்காரருக்குப் பேசி முடித்துவிட்டார்.

“நீதானே எடை எடைன்னு குதிச்ச? குறைச்சாச்சு, போ.”

பதறிப்போனேன். ரெண்டையும் ஏத்துங்கண்ணே, மெதுவா ஓட்டிடுறேன்னு கெஞ்சினேன். என் வாயாலேயே. ச்சீ.

“அதெப்படி? பிரேக் நிக்காதுல்ல?” என்றார். இங்கேயே ஒரு நாள் விட்டுவைக்கலாமே என்றேன். “அன்னிக்கே லாயத்துச் சாவிய ஓனருக்குக் கொடுக்கணும். கிழவிய எங்க வைப்ப, உன் கட்டிலுக்கு அடியிலயா?”

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 8
கிழவியை வைத்துக்கொள்வீர்களா என்று நாலு பேரைக் கேட்டேன். யாருக்கும் வேண்டாம்.

மார்ச் 9
முடிந்தது.

சின்னவன் தனியாக ஏறமாட்டான். எப்போதும் கிழவி முதலில் ஏறுவாள், இவன் அவள் வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவான். இன்று ஏறும் பலகையில் கால் வைக்கவே இல்லை. இழுத்தோம், தள்ளினோம், ஓட்ஸ் காட்டினோம். ம்ஹூம்.

“கிழவிய முதல்ல ஏத்துடா” என்றார் அண்ணன். “அவன் ஏறினதும் இவள முன்கதவு வழியா இறக்கிடு.” கறிக்காரரின் லாரி அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றது.

முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லலை? அன்னிக்குச் சாவியத் தூக்கிப் போட்ட வீரம் எங்க போச்சு?

கயிற்றை நான்தான் பிடித்தேன். ‘வா’ என்றதும் வந்தாள். சமத்தாக ஏறினாள். பின்னாலேயே சின்னவன். பின்கதவைச் சாத்தினார்கள். நான் முன்கதவைத் திறந்தேன். அதே சமத்தோடு இறங்கி, லாரியிலும் தானாகவே ஏறினாள். “நல்லாப் பழக்கியிருக்கீங்க தம்பி” என்றார் கறிக்காரர்.

மலை இறக்கத்தில் டிரெய்லர் கொஞ்சம்கூட ஆடவில்லை. சின்னவன்தான் வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தான்.

மார்ச் 20
சின்னவன் டிரெய்லரைக் கண்டாலே பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறான். போட்டிக்கு எப்படிக் கொண்டுபோவது? மலிவாக ஒரு கிழட்டுக் குதிரை பார்த்து வரச்சொன்னார் அண்ணன். “முன்னால ஏறி இறங்கினாப் போதும். வயசு ஆனா என்ன, இது போனா இன்னொண்ணு பாத்துக்கலாம்.”

மார்ச் 23
போய்ப் பார்த்தேன். வெள்ளைக் குதிரை, ஒரு கண் மங்கல். பரம சாது. கூப்பிட்டதும் ஏறியது. முன்கதவு வழியாக இறங்குகிறதா என்றும் பார்த்தேன். இறங்கியது.

வாங்கிவிடலாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன்.