அரவிந்தன் கட்டிய மாலை

அன்பு மகன் சூர்யபிரகாஷுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் குந்தவையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐயாறப்பரை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அப்பா குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார், காலையில் வயலுக்குப் போகிறவர் மத்தியானம் நான் போய்க் கூப்பிட்டால்தான் சாப்பிட வருகிறார், வீட்டுக்குள் இருக்க முடியவில்லை அவருக்கு.

விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்த நேரமாகப் போனதால் தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்று நீ உன்னையே நொந்துகொள்கிறாயாம், குந்தவை சொன்னாள். அப்படி நினைக்காதே. அரவிந்தன் கஷ்டப்படவில்லை. அன்றைக்கும் நம் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் பூ கொடுத்துவிட்டு வந்துதான் காப்பி கேட்டான், கொல்லைப்படியில் உட்கார்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டான். நான் உள்ளே போய்ச் சட்னி அரைத்துவிட்டு வந்து பார்த்தால் சுவரில் சாய்ந்திருக்கிறான், டம்ளரில் காப்பி பாதி இருக்கிறது. இந்த டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு இருதயம் பலவீனமாக இருக்கும் என்று தஞ்சாவூர் டாக்டர் அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே சொன்னதுதான். மிக்ஸி சத்தத்தில் அவன் என்னைக் கூப்பிட்டது கேட்காமல் போயிருக்குமோ என்பது ஒன்றுதான் என்னை அறுக்கிறது.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினாறாம் நாள் காரியத்துக்கு நீ ஸ்டூடியோவில் சொல்லிச் செய்து அனுப்பிய படம் வந்தது. பெரிய படம், நல்ல சட்டம். கண்ணை நேராக்கி, வெளியே தெரியும் நாக்கை உள்ளே வைத்து, கழுத்தை மெலிதாக்கி, நெற்றியில் மூன்று கோடு அளந்து போட்ட மாதிரி விபூதி போட்டிருந்தார்கள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ராஜா மாதிரி இருக்கான் என்றார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "இது யாரு வீட்டுப் புள்ள மங்களா?" என்று கேட்டுவிட்டு வரப்புப் பக்கம் போய்விட்டார். எனக்கும் அந்தப் படத்துக்கு மாலை போடக் கை எழவில்லை சூர்யா. என் பிள்ளை இரண்டாவது தடவை போன மாதிரி இருந்தது. நீ ஆசையாகத்தான் செய்தாய், எனக்குத் தெரியும். நாலு பேர் அவனைக் குறைவாகப் பார்த்துவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே உனக்குப் பதைப்பு.

ஆனால் நீ வெளிநாடு போன பிறகு இருந்த அரவிந்தனை நீ அதிகம் பார்க்கவில்லை. விடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளிப்பான், விபூதியைக் காது வரைக்கும் அப்பிக்கொள்வான், நந்தியாவட்டையும் அரளியும் பறித்து வாழைநாரில் கட்ட உட்காருவான். மழையோ காய்ச்சலோ, பூ சாமிக்குப் போகாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான். நாம் உதவி செய்யக் கூடாது, கூடையைத் தொட்ட அப்பாவின் கையைக் கடித்துவிட்டான் ஒருநாள். நீ அனுப்பிய பனியன்களை எல்லாம் யார் கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிடுவான், மாற்றிக் கட்ட இரண்டு வேட்டி போதும் அவனுக்கு. வெல்லத்தை மட்டும் யாருக்கும் தர மாட்டான், அதுவும் என் டப்பாவில் திருடிய வெல்லம். நமச்சிவாய என்று அவனுக்கு வராது, மச்சாய, மச்சாய என்றுதான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போவான். அந்தக் குட்டை விரலுக்கு முடிச்சு நிற்காது, ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே வெறும் நார் தெரியும். முதலில் குருக்களே அதை நந்திக்குப் போட்டுவிட்டு சாமிக்கு வேறு மாலை போட்டுக்கொண்டிருந்தார். இவன் சன்னதியை விட்டு நகராமல் நின்றான், நாள் கணக்கில் நின்றான், அப்புறம் அவரே சாமிக்குப் போட ஆரம்பித்தார். மற்றவர்கள் போடும் கட்டு மாலையில் சாமி மூடிப் போய்விடுவார். இவன் மாலையின் சந்து வழியாக அந்த ஈரக் கல் கருகருவென்று தெரியும். எத்தனையோ வருஷம் கும்பிட்ட கோயில், சாமியை நான் நன்றாகப் பார்த்தது அந்த மாலையில்தான்.

எதிர்வீட்டு ரெங்கம்மாள் போனில் அவன் படம் ஒன்று இருந்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான், நாக்கு வெளியே, முகமெல்லாம் விபூதி. அதைத் திருவையாற்றில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறேன். அப்பா தினமும் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் வயலுக்குப் போகிறார். உன் படத்தைத் துணி சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன், வெளியே எடுக்கச் சொல்லாதே.

பூ கொடுப்பதை நிறுத்த மனசில்லாமல் இப்போது நான்தான் கட்டுகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நெருக்கமாகக் கட்டித்தான் பழக்கம். ஒருநாள் அவன் கட்டுகிற மாதிரியே இடைவெளி விட்டுக் கட்டிப் பார்த்தேன், பாதியிலேயே அவிழ்த்துவிட்டேன். அது வேஷமாக இருந்தது, அவன் ஒவ்வொரு முடிச்சையும் இறுக்கத்தானே அத்தனை பாடுபட்டான். என் கைக்கு வருவதைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்கு முன் காப்பி குடிப்பதில்லை. மனசு ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், விடிந்தால் எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, குந்தவையிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அவளும் அவனுக்காக அழுகிறவள்தான். லீவு கிடைத்து வரும்போது நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நில், அழுகை வந்தால் அழு, அடக்காதே. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ வீடியோவில் வந்தால் போதும், அண்ணா அண்ணா என்று போன் கண்ணாடியில் எச்சில் வழிய முத்தம் கொடுத்து வைப்பான், நான் அவனைத் திட்டிக்கொண்டே முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் உன் முகத்தைப் பார்ப்பேன். இப்போது நீ கூப்பிடும்போது போன் சுத்தமாக இருக்கிறது.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்ந்தது.

உன் அம்மா,
மங்களாம்பிகை