சவரக்கத்தியால் வழித்த செதில்

அன்புள்ளவளுக்கு,

இது நானே எழுதும் முதல் கடிதம். நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை! பேத்தி எப்படி இருக்கிறாள்?

என் நெற்றியோரச் செதிலைக் காட்டத் தோல் டாக்டரிடம் போனேன். நாற்பது வருஷம் வெட்டவெளியில் நாற்காலி போட்டு ஊருக்கே சவரம் செய்தவன் அசிங்கமாகப் போகலாமா? கிளம்பும் முன் கத்தியால் அதை வழித்துவிட்டேன்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன பெரியவரே! செதிலைப் பாத்தாத்தானே வயசுல வந்ததா, வெயில்ல வந்ததான்னு சொல்ல முடியும்? வயசுல வந்ததுன்னா பயமில்ல. வெயில்ல வந்ததை விட்டுவெச்சா வினையாயிடும்."

"தொழில் புத்தி, டாக்டரம்மா."

"நல்ல புத்தி போங்க!"

கொஞ்சம் தோலை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். சம்மதத் தாளில் கைநாட்டு இல்லை, கையெழுத்தே போட்டேன்!

வெள்ளிக்கிழமை முடிவு சொல்லும் அறையையும் காட்டினார்கள். கதவுக்கு மேலிருந்த பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். புற்றுநோய்ப் பிரிவு. போன வருஷமென்றால் தெரியாமலே போய் உட்கார்ந்திருப்பேன். இப்போது உட்காரவே முடியவில்லை. தீட்டிய கத்தியையே திரும்பத் திரும்பத் தீட்டுகிறேன்.

மகளிடம் சொல்லாதே. அவள் மாமியாரிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமையே வந்துவிடு. எனக்கொன்றும் பயமில்லை.

புதன்கிழமையே வந்தாலும் நல்லதுதான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்