பதினான்காம் பக்கம்

ஜனவரி 9, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கெடுப்பு முடிந்தது. பதினொரு பேர், பதினொரு பென்சில், பதினொரு உறை. ஆசிரியர்கள் வகுப்பில் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் நான்தான் மேற்பார்வை. ‘இளையோர் நலப் பணியாளர்’ என்று என் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் பள்ளியின் பழைய பனிச்சறுக்குக் கட்டைகளும் நானும் இருக்கிறோம்.

குடிக்கிறாயா, புகைக்கிறாயா, எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய், நீ எங்கே இருக்கிறாய் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா... இப்படி முப்பது பக்கம். ஐஸ்லாந்து முழுக்க இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாரும் எழுதுவது. பெயர் எழுதக் கூடாது. முடித்ததும் அவரவரே உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஊரில் யாரும் பிரிக்கக் கூடாது. நேராகத் தலைநகர் ரெய்க்யவிக்குக்குப் போக வேண்டும்.

முதலில் முடித்தது ரக்னா. தலைமையாசிரியர் எய்ரிகுரின் மகள். முன்பெல்லாம் சீக்கிரம் முடித்தால் பையிலிருந்து கம்பளிப் பின்னலை எடுத்துவிடுவாள். இன்று கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு, “பென்சில் எல்லாம் நான் பொறுக்கித் தரட்டுமா?” என்றாள். நடைவழியில் ‘மனசுல இருக்கறதைப் பேசு’ சுவரொட்டிகளை ஒட்டியதும் அவள்தான். இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே துணை.

கடைசி, சல்கா. பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம். நான் மேசைகளுக்கு நடுவே வந்தபோது முழங்கையை மடித்துத் தாளை மறைத்தாள். புது ஸ்வெட்டர், சாம்பல் நிறம், கழுத்தைச் சுற்றி நீலக் கோலம். கை அவளுக்கு நீளம், விரல் நுனிகூடத் தெரியவில்லை. பத்து நிமிடம் அசையவே இல்லை. பிறகு உறையை ஒட்டி, மூலையை மடித்து மடித்து நசுக்கி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

நான் என்ன செய்தேன்? ‘நன்றி’ என்றேன்.

ஜனவரி 10

வடக்குக் காற்று. மலைமேல் சாலையை மூடிவிட்டார்கள். தபால் வண்டி இல்லை. உறைகள் என் அலமாரியில்.

ஜனவரி 11

எழுதாமல் சுற்றி வருவதில் பயனில்லை. பதினான்காம் பக்கத்தின் முதல் கேள்வி: செத்துப்போக வேண்டும் என்று நீ நினைத்ததுண்டா? அதற்குக் கீழே இன்னும் சில.

சாயங்காலம் நீச்சல் குளத்துக்குப் போனேன். வெந்நீர்த் தொட்டியில் பாதி ஊர் கழுத்துவரை மூழ்கி உட்கார்ந்திருந்தது. தலையில் மட்டும் பனி விழுந்துகொண்டிருந்தது.

“என்ன எய்தீஸ், பசங்க என்ன எழுதியிருக்காங்க?” என்று ஸ்டெய்னி ஆரம்பித்தார். நாற்பது வருடம் படகு ஓட்டியவர். “என் பேரன் புகை பிடிக்கிறானா, அதை மட்டும் சொல்லிடு.”

“உறை ஒட்டியிருக்கு.”

“கெட்டில் ஆவியில காட்டு. பொண்டாட்டிக்கு வந்த கடிதாசியெல்லாம் நான் அப்படித்தான் படிச்சேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும். “நாலு வருஷம் தலைநகர்ல படிச்சுட்டு வந்திருக்கா, உறை ஒட்டறாங்களான்னு பாக்க. நான் மீன் ஆலையில சேந்த மூணாம் நாளே கையில கத்தி குடுத்துட்டாங்க.” கேலிதான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான் ஒருத்தி. அந்தச் சான்றிதழை வரவேற்பறையில் மாட்டி, தினமும் தூசு தட்டுவதும் இதே அம்மாதான்.

எய்ரிகுர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “நம்ம பசங்களுக்கு ஒரு குறையும் இல்ல. போன அறிக்கையைப் பாத்தேன். குடி இல்ல, புகை இல்ல. எல்லாம் கால்பந்து, நீச்சல், வயலின். நல்ல பசங்க.”

பொய்யில்லை. அம்மா பள்ளியில் படித்த காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளைகள் துறைமுகத்தில் குடித்துவிட்டு விழுந்து கிடப்பார்களாம். இப்போது யாரும் விழுவதில்லை. அதனால் யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை.

அங்கேயே எய்ரிகுரிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று? ‘ஒரு பெண் ஒரு பக்கத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்’ என்றா? தொட்டியில் சொன்னது மறுநாள் காலையில் மீன் ஆலைக்கு வந்துவிடும்.

ஜனவரி 12

மூன்று வாரத்துக்கு ஒருமுறை விமானத்தில் வரும் உளவியலாளர் இன்றும் வரவில்லை. விமானம் ரத்து, மூன்றாவது தடவை. போனில் பேசினேன், பெயர் சொல்லாமல்.

“நேரா கேளு. கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடுமோன்னு பயப்படாதே. வராது. சுத்தி வளைக்காம, அதே வார்த்தையைச் சொல்லிக் கேளு” என்றார்.

தெரியும். தேர்வில் இதே கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். எழுத்துத் தேர்வு.

ஜனவரி 13, சனி

கடையில் சல்கா. பால் வாங்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. போய் நின்றேன். வாயைத் திறந்தேன்.

“ஸ்வெட்டர் நல்லா இருக்கே. புதுசா?”

“ம்.” முகம் சிவந்துவிட்டது. மேலே போட்டிருந்த கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டேன். அதுதான் கேட்டேன்! படித்ததெல்லாம் எங்கே போச்சு?

ஜனவரி 14, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும். மத்தியானம் பள்ளிக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். மூலை நசுங்கிய உறையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். கெட்டிலைப் போட்டேன். அம்மா வருடக் கூத்துக்கு ஒத்திகை பார்க்கப் போயிருந்தாள். இந்த மாதக் கடைசியில் ஊர் விருந்தில் ஒருவரையொருவர் கிண்டல் செய்து நாடகம் போடுவார்கள். இந்த வருடம் அம்மாதான் நானாக நடிக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை. தண்ணீர் கொதித்தது.

உறையை ஆவிக்கு நேராகப் பிடிக்கவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பதினைந்து வயதில் நானும் அதே வகுப்பில் உட்கார்ந்து அதே பக்கத்தை நிரப்பினேன். அன்று மேற்பார்வைக்கு வந்தது அம்மாவின் அத்தை மகள். ‘இல்லை’ என்று குறி போட்டேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் மனதில் ஓடியதற்கு ‘இல்லை’ என்பது பதிலே கிடையாது. ஆனால் உறையை ஒட்டிக் கொடுத்தபோது அவர் என் கன்னத்தைத் தட்டி, “நல்ல பொண்ணு” என்றார். அவ்வளவுதான். வேறு யாரும் கேட்கவில்லை. எப்படியோ கடந்துவிட்டேன் – எப்படி என்று இன்றுவரை தெரியாது.

இந்த உறைக்குள்ளும் ‘இல்லை’ என்று இருந்தால்? நிம்மதியாகத் தூங்கிவிடுவேனா?

இதைப் பிரிக்க நினைத்ததே கேட்காமல் தப்பிக்கத்தான்.

கொதித்த தண்ணீரில் டீ போட்டுக் குடித்தேன். உறையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். காற்றில் நடக்க முடியவில்லை. அலுப்பாக இருக்கிறது. இருபத்தாறு வயதில் இவ்வளவு அலுப்பா?

ஜனவரி 15, திங்கள்

கேட்டுட்டேன்.

காலையில் விருந்துக்காகப் பெஞ்சு தூக்க ஆள் வேண்டும் என்று சல்காவைக் கூப்பிட்டேன். உடற்பயிற்சிக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பெஞ்சின் அந்த முனையில் அவள், இந்த முனையில் நான். நடுவில் பெஞ்சு இருந்தது எனக்குத் தைரியமாக இருந்தது.

“சல்கா, நேராவே கேக்குறேன். செத்துப்போகணும்னு தோணுதா உனக்கு?”

பெஞ்சைத் தொப்பென்று போட்டாள். “எனக்கா? உனக்கென்ன பைத்தியமா?”

“பதினாலாம் பக்கத்துல நின்னுட்டே. பாத்தேன்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “அது அந்தக் கேள்வி இல்ல. அதுக்குக் கீழே இருக்கறது.”

கீழே இருப்பது: உன் நண்பர்களில் யாராவது அப்படி உன்னிடம் சொன்னதுண்டா?

மனப்பாடம் என்று எழுதியிருக்கிறேன், மேலே, என் கையால்.

“என்ன பதில் போட்டே?”

“ஒண்ணும் போடல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதான், காலியா விட்டுட்டேன்.” ஸ்வெட்டர் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். “இதை நான் வாங்கல. அவ ரெண்டு மாசம் பின்னினது. நல்லா இருக்குன்னு ஒரே ஒரு தடவை சொன்னேன், கழட்டிக் குடுத்துட்டா. இனிமே எனக்கு எதுக்குங்கறா. ஸ்கேட்டை வேற யாருக்கோ குடுத்துட்டா. நான் பேர் சொல்ல மாட்டேன், எய்தீஸ். சொல்ல மாட்டேன்.” அழுதாள். “எங்க வகுப்புல இப்படிப் பின்னத் தெரிஞ்சவ யாருன்னு உனக்கே தெரியும்ல?”

தெரியும்.

ரக்னா என் அறையில்தான் இருந்தாள், தரையில் உட்கார்ந்து மஞ்சள் தாளில் சூரியன்கள் வெட்டிக்கொண்டு. அடுத்த மாதம் சூரியன் திரும்பி வரும் நாளில் ஊர் கூடிக் குடிக்கும் சூரியக் காப்பிக்கு ஜன்னலில் ஒட்ட. நான்தான் போன வாரம் அந்த வேலையைக் கொடுத்தேன்.

அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்டேன். இந்தத் தடவை நடுவில் பெஞ்சுகூட இல்லை.

கத்தரிக்கோல் நிற்கவில்லை. ஒரு சூரியனை முழுக்க வெட்டி முடித்தாள்.

“ஆமா” என்றாள்.

பிறகு: “இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல. எல்லாரும், ‘நீ எப்படி இவ்வளவு நல்லா சமாளிக்கிறே, மத்தவங்களுக்கும் சொல்லிக்குடு’ம்பாங்க.” பிறகு, கோபமே இல்லாமல்: “இங்க மூணு தடவை வந்தேன், சொல்லலாம்னு. ஒவ்வொரு தடவையும் நீ எனக்கு ஒரு வேலை குடுத்தே.”

சுவரொட்டி. பென்சில். சூரியன்.

தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றேன்.

“நீ சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன். சல்காவைத் திட்டக் கூடாது.”

எய்ரிகுர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். “எத்தனை நாளா?”

“அக்டோபர்லேருந்து.”

“தினமும் காலையில நான்தானே உன்னைக் கார்ல கூட்டிட்டு வர்றேன்.”

“ஆமாப்பா.”

மருத்துவரிடம் போனில் பேசினோம். வீட்டில் எதையெல்லாம் எடுத்துப் பூட்ட வேண்டும் என்று ரக்னாவின் அம்மாவிடம் சொன்னார். அவளைத் தனியாக விடக் கூடாது, நாளைக்கே மருத்துவமனைக்கு அழைத்து வரவேண்டும் என்றார். சாலை மூடியிருக்கிறது என்றேன். “அப்ப திறக்கறவங்க யாருன்னு பாருங்க” என்றார்.

திறப்பவர் எங்கள் அப்பா. பனி தள்ளும் வண்டியின் ஓட்டுநர். கொட்டகையில் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். ஒருவரை நாளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும், யாரென்று சொல்ல முடியாது என்றேன்.

வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: “யாருன்னு நான் கேட்டேனா? எத்தனை மணிக்குன்னு சொல்லு.”

ஜனவரி 16

ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள், இன்னும் இருட்டு. முன்னால் அப்பாவின் வண்டி, பின்னால் எய்ரிகுரின் கார். பின் சீட்டில் ரக்னாவும் அவள் அம்மாவும், ஒரே போர்வைக்குள். நாற்பது கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆனதாம்.

உறைகளை அப்பாவின் வண்டியில் கொடுத்தனுப்பினேன். பதினொன்றும் ஒட்டியபடியே.

ஜனவரி 19

சல்கா என்னோடு பேசுவதில்லை. மூன்று தடவை என் அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள். நாற்காலிமேல் கிடந்த பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துக் கீழே போட்டேன், யாராவது வந்தால் உட்கார.

ஜனவரி 27

விருந்து முடிந்தது. அம்மா என்னைப் போல நடித்தாள்: ஒரு பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு மேடை முழுக்கப் பேசாமல் நடந்தாள். ஊர் கண்ணில் நீர் வரச் சிரித்தது. வீட்டுக்கு வரும் வழியில், “ரொம்ப கேலி பண்ணிட்டேனாடி?” என்றாள். இல்லை என்றேன். சிறிது தூரம் நடந்து, “எய்ரிகுர் இன்னிக்கு என் கையைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் நின்னார். எதுக்குன்னு சொல்லல” என்றாள். நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2

சல்கா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “நான் சத்தியத்தை மீறிட்டேனா?” பேர் சொல்லவில்லையே என்றேன். “அப்படிச் சொல்லித் தப்பிக்காதே” என்றாள். சரிதான். மீறினாய், நல்லவேளை மீறினாய் என்றேன். ஒரு மணி நேரம் இருந்தாள். எந்த வேலையும் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

நவம்பரில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்று திரும்பி வர வேண்டும். வானம் முழுக்க மேகம். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் சூரியக் காப்பி நடந்தது. பள்ளிக்கூடத்தில் காப்பி, அப்பம், ஜாம். “மேலே வந்தாச்சு, வெட்கப்பட்டு ஒளிஞ்சிருக்கு, நம்ம எய்தீஸ் மாதிரி” என்றார் ஸ்டெய்னி.

ரக்னா வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்துவிட்டாள். குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் மருத்துவரோடு திரையில் பேச வேண்டும். வீட்டில் சில பெட்டிகள் இன்னும் பூட்டித்தான் இருக்கின்றன. எய்ரிகுர் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து, அவளைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

சல்கா தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெல்லிய பருத்திச் சட்டையில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவளை எங்கயாவது பாத்திருக்கியா, எய்தீஸ்? நேத்து வீட்டுக்கே வந்துட்டா. வெட்கமே கிடையாது.”

“குளுருச்சு, கேட்டேன்” என்றாள் ரக்னா எதிரிலிருந்து, வாய் நிறைய அப்பத்தோடு. ஜாமை எட்டி எடுத்தாள். சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி நீலக் கோலம்.

கை அவளுக்குச் சரியான நீளம்.