ஜெபத்தை நிறுத்தச் சொன்ன மாலை

அம்மா,

ஓமானில், சோஹார் வீட்டில், நம் படுக்கையறைச் சுவரில் அந்த ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. லீவில் வந்து பெட்டியை இறக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். மாதா படம் அலமாரிக்குள் இருக்கிறது. கழற்றி வைத்தவள் நான். அப்பா திரும்ப மாட்டவில்லை.

நான் அதைக் கழற்றியது மருத்துவப் படிப்பின் கடைசி வருஷத்தில். அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்பயிற்சி இடம் வேண்டுமென்றால், அங்கே ஏதாவது ஒரு மருத்துவமனையில் ஒரு மாதம் ரொட்டேஷன் போய் வேலை செய்து காட்டுவது நல்லது என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். சின்ன மருத்துவமனை ஒன்று ஆகஸ்டில் இடம் தந்தது. நான் ஆசைப்பட்ட பெரிய மருத்துவமனையில் நவம்பர்தான் காலி. ரெசிடென்சி இன்டர்வியூக்கள் ஆன்லைனில் நடக்கும் பருவமும் அதுவே. நான் வீட்டிலிருந்து நிம்மதியாகப் பேசட்டும் என்று நீ அந்த மாதத்துக்கு முன்கூட்டியே லீவு கேட்டு வைத்திருந்தாய்.

"ஆகஸ்ட்ல ஒண்ணு கிடச்சுதுல்லா மக்ளே, அத எடுத்தா என்ன? இன்டர்வியூ வாற மாசத்துல அங்க வார்டுல நின்னுக்கிட்டு எப்பிடி பேசுவ?"

"அது சின்ன ஆஸ்பத்திரிம்மா. நான் சமாளிச்சுக்குவேன்."

"அப்பம் நான் லீவ கேன்சல் பண்ணிருதேன். நீ இல்லாம வீட்டுல இருந்து என்ன செய்ய?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு உறைக்கவில்லை.

நவம்பரில் நான் அந்தப் பெரிய மருத்துவமனைக்கே போனேன். மூன்றாவது வாரம் அப்பா போனில் கூப்பிட்டார். டூட்டியில் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போனவள் அப்படியே சரிந்துவிட்டாய். உன்னோடு வேலை பார்த்தவர்களே உன் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் விமானம் மாறி வந்து சேர்ந்தபோது நீ மார்ச்சுவரியில் இருந்தாய். உன்னை ஊருக்குக் கொண்டுபோகும் காகிதங்களுக்காக அப்பா ஒவ்வொரு ஆபீஸாக அலைந்தார்.

காத்திருந்த அந்த நாட்களில்தான் எனக்கு ஓர் இன்டர்வியூ இருந்தது. தள்ளி வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் மறுத்திருக்க மாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். எழுதத் தொடங்கி, அழித்தேன். வேறு தேதி இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

மாலையில் ஹாலில் உன் கூட்டாளி நர்ஸுகளும் சர்ச் ஆட்களும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவைத் தனியே கூப்பிட்டேன்.

"அப்பா, எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. சத்தம் உள்ள கேக்கும்."

"சரி மக்ளே" என்றார். பிறகு அவர்களிடம், "பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கு. கொஞ்சம் நிறுத்திக்கிடுவோம்" என்று சொல்வது கேட்டது. எல்லாரும் பாதியில் நிறுத்தினார்கள். நான் கதவைச் சாத்தி, காமிராவில் விழாதபடி மாதா படத்தைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

வீட்டில் வேறு யாராவது மருத்துவத் துறையில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். என் அம்மா நர்ஸாக இருக்கிறார் என்றேன். பயந்து கிடக்கும் ஓமானிக் கிழவிகளிடம் அரபியும் தமிழும் கலந்து "மாஃபி பயம், மாஃபி பயம்", பயமில்லை பயமில்லை, என்று தட்டிக்கொடுப்பார், அவர்கள் அதைப் பக்கத்துப் படுக்கைக்காரிகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள் என்றேன். திரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அம்மா. வாய்விட்டுச் சிரித்தேன்.

நவம்பரில் நான் நின்ற பெரிய மருத்துவமனை என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிடவே இல்லை. அன்று சிரித்துப் பேசிய இடத்தில்தான் ரெசிடென்சி கிடைத்தது.

உன் அப்பா இறந்த செய்தி வந்த நாளில் நீயும் டூட்டியை முடித்துவிட்டுத்தான் அழுதாய் என்று உன் தோழி ஒருத்தி என்னைத் தேற்றினாள். என்னால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நீ நின்றது படுக்கையில் கிடந்தவர்களுக்காக. நான் உட்கார்ந்தது எனக்காக.

இத்தனை நாள் அப்பாவும் நானும் அந்த மாலையைப் பேசியதே இல்லை. நேற்று டீ குடிக்கும்போது, அன்றைக்கு உங்களுக்கு என்மேல் கோபமா என்று கேட்டுவிட்டேன்.

"கோபம் என்னத்துக்கு?" என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். "நீ சிரிச்சது வெளிய கேட்டுது மக்ளே. உனக்கும் அவளுக்கும் ஒரே சிரிப்புல்லா. கதவு சாத்தியிருந்துது. உள்ள அவதான் இருக்கான்னு ஒரு நிமிஷம் நெனச்சு எழும்பிட்டேன்."

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினார்.

உன் சிரிப்பு என்னிடம் இருப்பது நேற்றுவரை எனக்குத் தெரியாது, அம்மா. இனி இந்த வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்தால், முதலில் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைப்பேன்.