நாற்பதாம் ஆண்டு அட்டை

ஜூன் 12, வியாழன்
காற்று. மாடிக் கதவைத் திறந்தாலே புழுதி. சிவகாசியில் செய்யக் கொடுத்த அச்சுப் பிளேட் பஸ் பார்சலில் வந்துவிட்டது. ஆபீஸ் முடிந்ததும் நேரே போய் எடுத்தேன். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, நல்ல கூர்மை.

22ஆம் தேதி அம்மா, அப்பாவுக்கு நாற்பதாவது கல்யாண நாள். காலையில் மாதா கோயிலில் பூசை, மதியம் ஹாலில் சாப்பாடு. ஏற்பாடு எல்லாம் துபாயிலிருந்து தம்பி ஜூடு. அட்டை என் பொறுப்பு. முன்பக்கம் அம்மா பெயர், அப்பா பெயர்: ‘லூர்து – சேவியர்’. கீழே நானே யோசித்த வரி: ‘ஒரு பேச்சு, ஒரு மூச்சு, நாற்பது ஆண்டு.’ உள்ளே வெறுந்தாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றில் வாழ்த்து எழுதித் தருவார்கள். ஹாலில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும்.

வாங்க: நீல மை, கயிறு, கிளிப். கேக் யார் பொறுப்பு? ஜூடிடம் கேட்க.

ஜூன் 13, வெள்ளி
மாடி அறையில் அச்சு. மேசையில் வைக்கிற சின்னக் கைப்பிரஸ்தான். கிறிஸ்துமஸ் அட்டை, பிறந்தநாள் அட்டை அடித்து ஆபீஸில் விற்பேன். இன்று முதல் தாளில் இரண்டு பெயரிலும் ‘ர்’ புள்ளி விழவில்லை. பிளேட்டுக்கு அடியில் துண்டுத் தாள் ஒட்டினேன். புள்ளி விழுந்தது. பிடியை இழுத்ததும் எழுத்து தாளுக்குள் பள்ளமாக இறங்குகிறது. தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கீழே அப்பா: “ஏளா ரோசி, காப்பி ஆயிட்டான்னு உங்கம்மைட்ட கேளு.” ஹார்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காப்பி இரண்டு வேளை கூடிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு
மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு நேற்றே கொரியரில் அட்டை போட்டாயிற்று. உள்ளூர்க்காரர்களுக்கு இன்று பூசை முடிந்து கோயில் வாசலிலேயே கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல். மிச்சத்தை மாடியில் காயப் போட்டிருக்கிறேன். கடல் ஈரத்தில் மை லேசில் உலராது.

ஜூன் 16, திங்கள்
எப்படி எழுத என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி.

ஆபீஸ் விட்டு வந்தேன். துணி எடுக்க மாடிக்குப் போன அம்மா, அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரகசியம் போச்சே என்றுதான் முதலில் நினைத்தேன்.

“நல்லாருக்காம்மா?”

“எழுத்து நல்லாருக்கு. இத யாரு சொன்னா ஒனக்கு?”

“எத?”

“ஒரு பேச்சுன்னு போட்டுருக்கியே. மூச்சு சரி, ஒரே வீட்டுல விட்டுக்கிட்டுதான் இருந்தோம். பேச்சு எங்க இருந்துச்சு?”

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “ஞாயித்துக்கிழம நான் பூசைக்கு வரல. மணப்பாட்டுக்குப் போறேன், சித்தி வீட்டுக்கு.”

“எத்தன நாளைக்கு?”

“நாள் கணக்கு இல்லளா. இனிமே அங்கனதான்.”

சித்தி வீட்டு மாடி அறைக்கு அம்மாவுக்காகப் பெயிண்ட் அடித்தாயிற்றாம். இளம்பச்சை. அம்மாவே பார்த்துச் சொன்ன நிறம். ஈஸ்டருக்குப் போயிருந்தபோதே பேசி முடித்திருக்கிறார்கள்.

“அப்பா என்னம்மா செஞ்சாங்க?”

“ஒண்ணுமே செய்யல. அதத்தான் சொல்லுதேன்.”

துணியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள். நெத்திலி வாங்கியிருந்தாள். குழம்பு எப்போதும்போல் நன்றாக இருந்தது. 

ஜூன் 17, செவ்வாய்
அம்மாவே அப்பாவிடம் சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. காலையில் நானே சொன்னேன். டிவியை அணைக்காமலே கேட்டார். பிறகு அணைத்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அவ.”

“அடுப்படியிலதான் இருக்காங்க. நீங்க கேக்கலாம்லா?”

“நீ கேட்டுச் சொல்லு.”

அப்போதுதான் உறைத்தது. இவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி எப்போது பார்த்தேன்? ஆபீஸில் உட்கார்ந்து யோசித்தேன். பஸ்ஸில் யோசித்தேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. உங்கப்பாட்ட சொல்லு, உங்கம்மைட்ட கேளு. அவ்வளவுதான். சண்டையே இல்லாத வீடு என்று ஆபீஸில் பெருமை அடித்திருக்கிறேன்.

ஜூடு போனில் கத்துகிறான். “யக்கா, அம்மாவுக்குக் கிறுக்கா? டிக்கெட் போட்டாச்சு, ஹால் சொல்லியாச்சு!”

அம்மாவுக்கு மூச்சு இழுப்பு, விழாவைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன். அம்மா காதில் விழுந்துவிட்டது. “மூச்சுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு” என்றாள்.

உண்மையைச் சொன்னேன். 

ஜூன் 19, வியாழன்
எழுதிய அட்டைகள் வீடு வர ஆரம்பித்துவிட்டன. விஷயம் தெரியுமுன் வெளியூர்க்காரர்கள் கொரியர் போட்டவை. ‘எங்க பிள்ளைகளுக்கு உங்களைத்தான் காட்டி வளர்த்தோம்.’ ‘மனமொத்த ஜோடி.’ ஒளித்து வைக்கப் பார்த்தேன். அம்மா வாங்கி எல்லாவற்றையும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “பாவம், நல்லாத்தான் எழுதிருக்காவ.”

ஜூன் 22, ஞாயிறு
பூசை இல்லை, ஹால் இல்லை. ஜூடு வரவில்லை.

ஆட்டோ வந்தது. அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். எதற்கென்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா: “ஒங்கப்பா மேல கோவம் இல்லளா. கோவம் இருந்தா சண்ட போட்டுருப்பேன்லா.” ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

ஜூன் 25, புதன்
மதியம் அம்மா போன். பின்னால் காற்று இரைச்சல். குரல் ஓங்கிப் பேசுகிறாள், சிரிக்கிறாள். அட்டை வேண்டுமாம். வாழ்த்து எழுதினவர்கள் எல்லாருக்கும் அனுப்ப. “நன்றின்னு போடு. கீழ எம் பேரு மட்டும்.”

புதுப் பிளேட் வரும்வரை காத்திருக்க மனமில்லை. பழைய பிளேட்டை எடுத்து, கீழ் வரியை நீக்கிவிட்டு, இரண்டு பெயருக்கும் நடுவில் கத்தரியால் வெட்டினேன். ரப்பர்போல சுலபமாக வெட்டுப்பட்டது. ‘நன்றி’ வேறொரு பிளேட்டில் இருந்தது. அம்மா பெயர் தனியாக, நீலத்தில்.

அப்பா மாடி ஏறி வந்தார். பிரஸ் வாங்கியதிலிருந்து இந்தப் பக்கம் வந்ததே இல்லை. காயாத அட்டையைத் தொட்டுவிட்டு, விரலில் மையோடு நின்றார்.

“எனக்கும் ஒண்ணு அனுப்புவாளான்னு கேளு.”

“நீங்களே கேளுங்கப்பா.”

போனை எடுத்தார். எதையோ தேடிக்கொண்டே இருந்தார். வாங்கிப் பார்த்தேன். அவர் போனில் அம்மா நம்பரே இல்லை.  நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன்.

நான்காவது மணியில் எடுத்தாள். “ஹலோ, யாரு பேசுதது?”

அவள் போனிலும் இவர் நம்பர் இல்லை.

“ஹலோ? யாரு?”

அப்பா போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.