எல்லாமே ஆண்

கார்த்திகை 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எதிர்வீட்டுக் கூரையே தெரியாத மூடுபனி. ஏழாம் மாதம். ரத்தக் கசிவு நின்றுவிட்டது. ஆனாலும் டாக்டர் போனில் சொன்னது சொன்னதுதான்: கட்டிலை விட்டு எழக்கூடாது, மலை இறங்கவே கூடாது. எழுபது வளைவு. பிள்ளை பிறக்கும்வரை அம்மா வீட்டுக் கட்டில்தான் எனக்கு.

வாங்க: சத்து மாத்திரை, சார்ஜர், ஆரஞ்சு.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "வயிறு கூரா இருக்குது கண்ணு. பையந்தான்." அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

கார்த்திகை 4, புதன்

லேபிலிருந்து என் ஜூனியர் கவிதா போன். ஒரே அழுகை. "அக்கா, லீவுல குளிர்பெட்டி நின்னுபோச்சு. உங்க ஈ எல்லாம் சூட்டுல கெடந்திருக்கு." கூட்டிலிருந்து வெளிவந்த ஈக்களில் ஒரு பெண்கூட இல்லையாம்.

இரண்டு வருஷம் கலந்து கலந்து உண்டாக்கிய பழ ஈ வம்சம்.

எப்படி என்று எனக்குத் தெரியும். மரபணுவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. செய்தியை வெட்டி ஒட்டிய பிறகுதான் செல் படிக்கும். ஒரே செய்தி, ஒரு மாதிரி வெட்டினால் பெண், வேறு மாதிரி வெட்டினால் ஆண். பெண் வெட்டுக்கு இரண்டு புரதங்கள் சேர்ந்து கைகொடுக்க வேண்டும். என் ஈக்களில் அவற்றில் ஒன்று சூடு தாங்காத ரகம். குளிரில் வேலை செய்யும், வெக்கையில் கைவிட்டுவிடும். பெண்ணாக வேண்டிய புழுவும் ஆண் உருவில் வரும். முட்டை கிடையாது. வம்சம் அதோடு சரி.

மிச்சம், நான் பையில் போட்டுக் கொண்டுவந்த ஒரே கண்ணாடிக் குழாய். முன்னறை ஜன்னலில். தாய் ஈக்கள் செத்தாயிற்று, உள்ளே புழுக்கள் மட்டும். இந்த மலைக்குளிர் அவற்றுக்குத் தோது. முதல் தடவையாக இந்தக் குளிர் பிடித்திருக்கிறது.

கார்த்திகை 6, வெள்ளி

"அம்மா, குழாய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குது சாமி. நான் பாத்துக்கறேன், நீ படு."

முன்னறை பத்தடிதான். போக விடமாட்டேன் என்கிறார்கள்.

சேலத்திலிருந்து வீட்டுக்காரர் போன். "அந்த ஆராய்ச்சிய உட்ரு. அப்பறம் பாத்துக்கலாம்." சாயங்காலம் அப்பாவும் அதையே சொன்னார். அம்மாவும்.

பெண் ஈயில் ஆரம்பத்திலேயே ஒரு புரதம் வரும். தன் செய்தியையும் தானே வெட்டிக்கொடுத்து, தன்னையே மேலும் மேலும் உண்டாக்கிக்கொள்ளும். தொடங்கிவைத்தது போனாலும் இது நிற்காது. இந்த வீடும் அப்படித்தான். 'படு' என்று சொல்ல இனி டாக்டரே தேவையில்லை.

கார்த்திகை 12, வியாழன்

வெயில். நர்ஸ் வந்து பார்த்து, வீட்டுக்குள் கொஞ்சம் நடக்கலாம் என்றார். நேராக ஜன்னலுக்குப் போனேன். குழாய் இல்லை.

அடுப்பங்கரையில் இருந்தது. அடுப்பை ஒட்டிய மாடத்தில், துணி சுற்றி.

"நீ கேட்ட அன்னிக்கே எடுத்து வெச்சேன் கண்ணு. ஈரக்காத்துல வெறைச்சுக் கெடந்துச்சு. உனக்குக் கம்பளி போத்தறேன், அதுகளும் உசுருதானே?"

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பாதி ஈக்கள் பெண்ணின் பருமன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஆணின் கறுத்த பின்பக்கம். மறுபடி பார்த்தேன். அதேதான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா பதறிப்போய், "என்னாச்சு சாமி?"

"எல்லாமே ஆணும்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. என் வயிற்றில் கை வைத்தாள். "நல்ல சகுனந்தான், போ."