பலகைக்குத் திரும்பாத சாவி

மார்ச் 3, செவ்வாய்

கட்டுரை வெளிவந்துவிட்டது. எத்தனை நாட்டுக்காரர்கள், எத்தனை பெயர்கள்! காபி இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவரையும் சேர்த்திருப்பார்கள் போல. என் பெயர் மட்டும் இல்லை.

மதியமானால் எங்கள் துகள் முடுக்கியில் கற்றை ஏன் ஓரமாக விலகுகிறது என்று இங்கே யாருக்கும் பிடிபடவில்லை. கற்றையை வளைக்கும் காந்தங்கள், அவற்றைக் குளிர்விக்கும் நீர் சூடாகச் சூடாக, மயிரிழை நகர்கின்றன. எதை முதலில் திருத்தினால் கற்றை வழிக்கு வரும் என்று கண்டுபிடித்தவள் நான். அது முதன்முறை நேராக ஓடியபோது பக்கத்தில் நின்று கைதட்டியவர் எங்கள் பிரிவுத் தலைவர். மேடையில் மைக் கிடைத்தால் விடமாட்டார். அதனால் எங்களுக்கு அவர் ‘மைக்’. கட்டுரையில் முதல் பெயர் அவருடையது.

மார்ச் 4

நேரிலேயே கேட்டேன். “இதுல இடம் இல்லம்மா, அடுத்ததுல பாத்துக்கலாம்” என்றார்.

இடம் இல்லையாம். என்ன இது, பஸ்ஸா?

மார்ச் 9

வயிறு எரிகிறது. “நீ இப்படி வெந்து சாகுறதால அவனுக்கு என்ன ஆகப்போகுது? விட்டுத் தொலை, சாப்பிடு” என்கிறார் வீட்டுக்காரர்.

சாப்பிட்டேன். விடுவதாக இல்லை.

மார்ச் 12

அடுத்த வியாழக்கிழமை எல்லா நாட்டுப் பிரதிநிதிகளும் வருகிறார்கள். அவர்கள் கண்முன்னே கற்றையை ஓடவிட்டு, ‘தன்னுடைய’ முறையை விளக்கப்போகிறாராம் மைக். புதுக் கோட்டு வேறு தைத்திருக்கிறாராம். கட்டுப்பாட்டு அறையில் இயந்திரத்தை ஓட்டும் அக்கா சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனை வந்தது.

கற்றை ஓடும் சுரங்கத்துக்குள் போகிறவர் வாசல் பலகையிலிருந்து தன் பெயர் போட்ட சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். எல்லாச் சாவியும் பலகைக்குத் திரும்பினால்தான் கற்றை கிளம்பும். ஒன்று குறைந்தாலும், உள்ளே ஆள் இருக்கிறது என்று இயந்திரம் அசையாது. கற்றை ஓடும்போது உள்ளே மாட்டினால் கதிர்வீச்சில் ஆள் பிழைக்கமாட்டார். சாவியை ஞாபகமறதியாக வீட்டுக்குக் கொண்டுபோகாதவர் இங்கே யார்? மைக்கே ஒருமுறை கொண்டுபோயிருக்கிறார்.

எனக்கும் ஞாபகமறதி வரட்டுமே.

மார்ச் 18

பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு வந்தது. “என்ன, ஒரே குஷியா இருக்க?” என்றார் வீட்டுக்காரர். “வேலை நல்லாப் போகுது” என்றேன்.

நாளைக்கு அத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் மைக் மூஞ்சியில் ஈயாடக் கூடாது. அதை நினைத்தாலே இனிக்கிறது. நான் என்ன கெட்டவளா? இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 19

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் காந்தங்களைச் சரிபார்க்க உள்ளே போய், கடைசி ஆளாக வெளியே வந்தேன். வாசலில் ஒருவருமில்லை. சாவியோடு நடந்து, போனை அணைத்துவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். மைக் அசடு வழிவதை நினைத்துக்கொண்டே இரண்டு டீ குடித்தேன். என்ன ருசி!

போனைப் போட்டதும் வீட்டுக்காரர். “எங்கடி இருக்க? எங்கடி...” நான் சுரங்கத்துக்குள் எங்கோ விழுந்து கிடக்கிறேன் என்று ஆபீஸிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஓடினேன். வாசலில் அப்போதும் ஆளில்லை. யாரும் பார்ப்பதற்குள் சாவியை மாட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். பலகை நிறைந்துவிட்டதால் எல்லா விளக்கும் பச்சை. கற்றை கிளம்பப்போகிறது என்று சங்கு ஊத ஆரம்பித்திருந்தது.

“அடிப்பாவி, எங்க போன?” என்று அக்கா கையைப் பிடித்தார். “மைக்கைப் பாக்கலியா? உன் சாவி இல்லன்னதும் மனுஷன் கோட்டைக் கழட்டி வீசிட்டு, ‘அந்த முறையே அவ கண்டுபிடிச்சதுய்யா, அவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்’னு எல்லார் முன்னாடியும் கத்திட்டு வாசலுக்கு ஓடினாரே! இப்ப சாவி எல்லாம் வந்துருச்சு, அவரும் வந்துருவாரு.”

வாசலில் நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் சாவியைப் பார்த்தேன். பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி எடுக்காமலேயே உள்ளே ஓடியிருக்கிறார்!

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியவில்லை. கற்றையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். சங்கு நின்றது. சுரங்கத்து ஒலிபெருக்கியை அக்கா திறந்தார். மூச்சிரைக்க ஒரு குரல், என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு...

கட்டுரையில் போட இடமில்லாத பெயர்.

மார்ச் 23

விசாரணை. “மறந்துட்டேன்” என்றேன். நம்பினார்கள். பொத்தானை அடித்து ஓர் உயிரைக் காப்பாற்றியவளாம் நான். கைதட்டினார்கள். கடவுளே.

சாவி எடுக்காமல் சுரங்கத்துக்குள் போவதுதான் இங்கே பெரிய குற்றம். மைக்கைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். முறை என்னுடையது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டதால், அவர் இடத்துக்கு நான்.

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இரண்டு வருட உழைப்பை வாய்கூசாமல் தன்னுடையது என்றவர்தானே? படட்டும்.

மார்ச் 30, திங்கள்

அறையைக் காலி செய்ய மைக் வந்திருந்தார். காலை இழுத்து இழுத்து நடக்கிறார். அன்று சுரங்கத்து இருட்டில் கம்பியில் இடித்துக்கொண்டாராம்.

“அன்னிக்கு உனக்கு ஒண்ணும் ஆகலியேம்மா? கேக்கவே விட்டுப்போச்சு.”

“இல்ல சார்.”

அவ்வளவுதான் பேச்சு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டு மேசைக்கு வந்தேன். அவர் நல்ல உயரம், நான் குள்ளம். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். நாற்காலியை என் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.